வாய் நீளம்

ஜூன் 9
நேற்றைய மழையில் அக்கா வீட்டுக்குள் மறுபடியும் தண்ணீர். தையல் மெஷினைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டு, அவளும் மாமாவும் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். "வா, எந்தக் கரைக்குப் போகணும்?" என்றார் மாமா, படகோட்டி மாதிரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வீட்டை ஒட்டி ஓடும் வாய்க்கால், சாலைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய் வழியாகத்தான் அந்தப் பக்கம் போகிறது. அந்தக் குழாய் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு. அதாவது, என் பொறுப்பும்.

ஜூன் 10
மேலதிகாரி சொன்னது: "குழாய் சின்னதும்மா. ரோட்டைத் தோண்டிப் பெருசா போடணும். இப்போதைக்கு நடக்காது. அந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடலாம்."

அந்த வீடாம். அக்கா வீடு என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

சின்னதா? மழை கொட்டும்போதே சாலையின் இரண்டு பக்கமும் இறங்கிப் பார்த்தேனே. இந்தப் பக்கம் தண்ணீர் சாலை மட்டத்துக்கு நின்றது. அந்தப் பக்கம் குழாயில் பாதிதான் வந்தது. பாதி காலியாக ஓடுகிற குழாய் எப்படிச் சின்னதாகும்? குப்பையும் அடைக்கவில்லை. கோளாறு குழாயின் வாயில்தான். சாலையை அகலப்படுத்தியபோது ஒரு குழாய்த் துண்டை ஒட்டுப்போட்டு, சாலைக் கரைக்கு வெளியே நீட்டியபடி விட்டுவிட்டார்கள். சுற்றிலுமிருந்து வருகிற தண்ணீர் அந்தக் கூரான விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல், நுழைந்ததுமே சுருங்கிவிடுகிறது.

சொன்னேன். "உனக்கு வாய் நீளம்" என்றார்.

எனக்கில்லை சார், குழாய்க்கு. — இதை வெளியே வந்துதான் சொன்னேன். சே.

ஜூன் 13
காலி செய்ய வேண்டுமாம். அக்கா மாட்டாள். நானும் விடமாட்டேன்.

ஜூன் 17
இரண்டு வாளி. பக்கவாட்டில் ஒரே உயரத்தில் ஓட்டை, ஒரே குழாயில் வெட்டிய துண்டுகள். ஒன்றை உள்ளே நீட்டியபடி செருகினேன். இன்னொன்றை வாளிச் சுவரோடு ஒட்ட வைத்து, வாயைச் சுற்றி மெழுகு வைத்து, விளிம்பு கூராக இல்லாமல் உருட்டிவிட்டேன். தண்ணீர் நிரப்பி, மேலதிகாரியின் மேசை மேலேயே வைத்து, இரண்டையும் ஒன்றாகத் திறந்தேன். மெழுகு வாளிதான் முதலில் காலி. கீழே வைத்த தொட்டி போதாமல் அவர் கால்சட்டையும் நனைந்தது.

"பக்கெட் வேற, ரோடு வேற."

"தண்ணிக்கு அது தெரியுமா சார்?"

நனைந்த கால்சட்டையை உதறினார். பிறகு, "பராமரிப்பு வேலைன்னு பண்ணிக்கோ. சரியா வரலேன்னா அந்த வீடு காலி. நீயே போய்ச் சொல்லணும்."

சரி என்று வந்துவிட்டேன்.

ஜூலை 2
நீட்டிக்கொண்டிருந்த துண்டை அறுத்தாயிற்று. கரையோடு ஒரு சுவர், இரு பக்கமும் கை விரித்தாற்போல் சாய்வுச் சுவர்கள். ஆனால் மேஸ்திரி வாய் விளிம்பைக் கூராக முடித்து வைத்திருந்தார். "அப்பதாம்மா நீட்டா இருக்கும்." யாருக்கு வேண்டும் நீட்டு? சிமெண்ட் காய்வதற்குள் கொத்தச் சொல்லி, மறுபடி உருட்ட வைத்தேன். முறைத்தார். முறைக்கட்டும்.

ஜூலை 11
காலையிலிருந்து மழை. போன மாதத்தைவிடப் பலம். குடையை மடக்கிவிட்டு நனைந்தபடியே நின்றேன். வாய்க்கால் ஏறியது, கரைக்குக் கீழேயே நின்றுவிட்டது. குழாய் பழையபடி கொர்கொர் என்று சத்தம் போடவில்லை.

மேலதிகாரியும் வந்து எட்டிப் பார்த்தார். "குழாய் வாயைக் குறைச்சிட்ட. உன் வாயை எப்பக் குறைக்கப் போற?"

"அது அளவாத்தான் இருக்கு சார்."

இதை நேரிலேயே சொன்னேன்.

ஜூலை 12
அக்கா வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தரையில். செங்கற்கள் வாசலில் அடுக்கியிருந்தன. "வர்ற வழியில காலை இடிக்குது, உன் ஆபீஸுக்கே தூக்கிட்டுப் போ" என்றாள், தைப்பதை நிறுத்தாமல்.