இரண்டு திருகாணி போட்ட டேங்க்

மச்சான்,

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நம் பொம்மை டேங்க்கைச் சுற்றி, பலகையில் நீ போட்ட மண்ணில் வெள்ளை பூத்துக்கொண்டிருக்கிறது. துடைத்தால் போகிறது, இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. பூசணமோ என்று பயந்தேன். நேற்று விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. உடனே உன்மேல்தான் கோபம் வந்தது. மண்ணைக் கழுவி, வறுத்துப் போடு என்று எத்தனை முறை சொன்னேன். நிறம் அமைந்துவிட்டது என்று கிள்ளை உப்பங்கழி ஓரத்து மண்ணை அப்படியே அள்ளிக் கொட்டியிருக்கிறாய். கழுவிவிட்டேன் என்று சத்தியம் வேறு செய்தாய்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். இருபது வருடமாக இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது இந்த விபத்தில் விழுந்த அடி, எது பழைய அடி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் அழுதுகொண்டே பேசினாலும் நான் அடியில் துரு ஏறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாம்பாரில் புளி ஜாஸ்தியானால்கூட நான் விசாரணை வைப்பேன் என்று கேலி செய்வாய்.

நீ சிதம்பரம் மேல வீதியில் நம்பர் பிளேட் எழுதும் கடை வைத்திருந்தவன். நாற்பது தாண்டிய இரண்டு பேர் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பொம்மை ராணுவ டேங்க் செய்வதை ஊர் பார்த்தால் சிரிக்கும். அதனால் நான் கடலூரில், மஞ்சக்குப்பம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுவேன். நீ கடை மாடியில் உட்கார்ந்து வண்ணம் அடிப்பாய்.

கடைசியாகச் செய்தது இந்த உடைந்த டேங்க். ஒரு சாண் நீளம். குண்டடி பட்டு, செயின் அறுந்து, சேற்றோரம் கைவிடப்பட்டுக் கிடக்க வேண்டும். உடைப்பது என் பங்கு, துருப்பிடிக்க வைப்பது உன் பங்கு. ஊசியைக் காய்ச்சிக் குண்டு துளைத்த ஓட்டை போட்டேன். இடது மட்கார்டை மெழுகுவத்தியில் காட்டி மடக்கினேன். தொழில் பழக்கத்தில், அடிவயிற்றில் ஊசியால், நிஜ வண்டிச் சட்டத்தில் இருப்பது போல ஒரு சேஸ் நம்பரும் கீறி வைத்தேன். அதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு போனாய். துரு வேலையில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் துரு நிறம். அது காய்ந்ததும் தண்ணீர் தெளித்து, பொடித்த கல்லுப்பைத் தூவுவாய். அதன்மேல் பச்சை அடிப்பாய். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தெடுத்தால் பச்சை திட்டுத்திட்டாக உரிந்து, உள்ளேயிருந்து துரு எட்டிப் பார்க்கும்.

மூன்று வாரம் கழித்து மாடியேறி வந்தேன். பலகையில் மண், புல், டேங்க் எல்லாம் சேர்த்து முடித்து வைத்திருந்தாய். பார்த்ததும் மனசு நிறைந்தது, உண்மை. அடுத்த நிமிஷம் கண் வலது மட்கார்டில் போய் நின்றுவிட்டது. அதன் முனையும் மடங்கியிருந்தது. சூட்டில் வளைந்த மடிப்பு வழவழவென்று இருக்கும். இதில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"இந்த அடி நான் போட்டது இல்ல."

"எல்லாம் நீ போட்டதுதான் மச்சான். மறந்துட்ட."

அதே டேங்க் கிட் இன்னொன்று பிரிக்காமல் உன்னிடம் இருந்தது எனக்குத் தெரியும். என்னுடையதை உடைத்துவிட்டு, வேறொன்றை ஒட்டி வைத்து ஏமாற்றுகிறாயோ என்று வாய்விட்டே கேட்டேன். நீ பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தாய்.

"உன்கிட்ட சொன்னா நம்ப மாட்ட. அடியில நம்பர் இருக்குதுல்ல, பேத்துப் பாத்துக்க."

பெயர்த்தால் அத்தனை வேலையும் நாசம். பெயர்க்க மாட்டேன் என்ற தைரியத்தில்தான் சொல்கிறாய் என்று முடிவு கட்டினேன். இப்படிப் பேசிய வண்டிக்காரர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். டேங்க்கை உன்னிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அப்புறம் நாலைந்து முறை நீயே போன் செய்தாய். அடியில் பார்க்க வரவில்லையா என்று மட்டும் கேட்பாய். வேலை இருக்கிறது என்பேன். எட்டு மாதம் இப்படியே ஓடியது. பிறகு வந்த போன் உன் தம்பியுடையது. நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறியவன், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி இதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "யாரையும் தொட வுடல அண்ணே. உங்களுதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார். அப்போதும், செய்த தப்பு உறுத்தியிருக்கும் என்றுதான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வருடம் அலமாரி மேலேயே கிடந்தது.

நேற்று, மண்ணை மாற்றினால்தான் உப்பு நிற்கும் என்று பலகையை முதல்முறையாகத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். நடுவில் இரண்டு திருகாணி. நீ திருகாணி போடுகிறவனே இல்லை, எல்லாவற்றையும் ஒட்டித் தொலைப்பவன். கழற்றினேன். ஒரு புல் உதிரவில்லை. டேங்க் முழுசாகக் கையில் வந்தது.

என் நம்பர் இருந்தது. நாலு என்ற எண்ணில் கோணிப்போன கோடு உட்பட என் கைதான். அதற்குக் கீழே, நம்பர் பிளேட்டில் எழுதுவது போலவே நறுக்கென்று, ஊசியால் கீறியிருந்தாய்: "பஸ்ல கீழ வுட்டுட்டேன். திட்டிட்டு போன் பண்ணு."

நான் அன்றைக்கே பிரித்துப் பார்ப்பேன் என்று நினைத்திருக்கிறாய். அதற்குத்தான் திருகாணி. சந்துபொந்தெல்லாம் குனிந்து பார்க்கிறவன், அந்த ஒரு தடவை பார்க்காமலே ரிப்போர்ட் எழுதிவிட்டேன். உட்கார்ந்து அழுதேன் மச்சான்.

அழுது முடித்ததும் மட்கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழே விழுந்தால் முனை இப்படி மடங்காது. இது மேலிருந்து அழுத்திய அடி. நீ இதன்மேல் உட்கார்ந்திருக்கிறாய். கடைசிவரை முழு உண்மையைச் சொல்லவில்லை, திருட்டுப் பயலே.

மண்ணை மாற்றவில்லை. திருகாணியைத் திரும்பப் போட்டுவிட்டேன். உப்பு பூத்தால் துடைத்துக்கொள்கிறேன். திருகாணி போடுவதற்கு முன்னால், விபத்து வண்டியில் சேஸ் நம்பரை எடுப்பது போல அந்த எழுத்தின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தேன். அது என் வேலைப் பையில் இருக்கிறது. இன்று ஆலப்பாக்கத்தில் நொறுங்கிக் கிடந்த ஒரு வேனுக்குப் பக்கத்தில் நின்று அதை எடுத்துப் பார்த்தேன்.

திட்டிவிட்டேன் மச்சான். போன்தான் பண்ண முடியவில்லை.