காலியாக விட்ட வட்டம்

அன்பு மகள் பெமிலாவுக்கு உன் அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் உன் தம்பி ஜெனினும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். நாலு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. விலாசம் அம்மா தந்தாள், எங்கேயும் தேடாமல் வாயாலேயே சொன்னாள். போனில் பேசலாமே என்று ஜெனின் சொன்னான். போனில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் கிழிப்பதற்காவது ஒரு தடவை பிரிப்பாய். நான் மணல் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடந்துதான் வருவேன் என்கிறாள். ஜெனினுக்குக் குழித்துறையில் பெண் முடிவாகிவிட்டது, மே மாதம் கல்யாணம். இதெல்லாம் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியாமல் நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு. போன மாதம் பெரியப்பா மகள் ரெனிஷா வந்திருந்தாள். "சித்தப்பா, நம்ம பெமிலா ஒரு படக்கதைய தமிழ்ல மாத்திப் போடுகா, எங்க ஸ்கூல்ல டீச்சர்மாருவரைக்கும் படிக்காவ" என்று போனைக் காட்டினாள். கந்தகக் கோட்டை என்று பெயர். கொரியாக்காரன் வரைந்தது, இங்கிலீஷில் வந்தது, நீ ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து வாரம் ஒரு பாகம் தமிழாக்குகிறாய் என்றாள். பைபிளும் பேப்பரும் தவிர வேறு படிக்காதவன் நான், மகள் எழுதினது என்பதற்காகத் தொடங்கினேன். ஊதா நிறத் தலைமுடியும், பேசுகிற டிராகனும், நெற்றியில் விளக்கெரிகிற குதிரையும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. உள்ளதைச் சொல்கிறேன், பன்னிரண்டு பாகத்தை ஒரே இருப்பில் படித்தேன், சோறு ஆறிப்போனது. கோட்டை வாசலில் காவல்காரன் "ஏலே, எங்க போற?" என்று கேட்ட இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் இது என்ன பாஷை என்று கீழே கேட்டிருந்தான், எங்க ஊரு பாஷை என்று நீ பதில் போட்டிருந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை பதின்மூன்றாம் பாகம் வரைக்கும்தான்.

அதில் இளவரசி ஈலியா, அப்பா பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று டிராகன் மேல் ஏறிப் போகிறாள். அரசன் மாடத்தில் நின்று சொல்கிறான்: "நான் செத்தா என் பெட்டிப் பக்கம் நீ வரப்பிடாது. எனக்கு மக இருந்தான்னு கல்லறைத் தோட்டத்துல ஒருத்தனும் சொல்லப்பிடாது." சபையில் இரண்டு வாரம் உன் கல்யாண அறிவிப்பு வாசித்த பிறகு நீ மாட்டேன் என்று பையைத் தூக்கினாயே, அன்றைக்கு வாசலில் நின்று நான் சொன்ன சொல் அது, ஒரு எழுத்துகூட மாறவில்லை. இங்கிலீஷில் என்ன இருக்கிறது என்று ரெனிஷாவிடம் கேட்டேன். "போ, திரும்பி வராதேன்னு மட்டும்தான் சித்தப்பா இருக்கு" என்றாள். அந்தக் கதையில் வருகிற நாட்டில் செத்தவர்களை டிராகன் நெருப்பில் எரிப்பார்களாம், பெட்டி எங்கிருந்து வந்தது என்று வாசகர்களே கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கீழே நானூறு பேர் ஏசியிருக்கிறார்கள். இந்தக் கிழவனை டிராகன் தின்ன வேண்டும் என்று ஒருத்தி. இவனுக்கெல்லாம் எதற்குப் பிள்ளை என்று இன்னொருத்தன். அத்தனையும் உட்கார்ந்து படித்தேன். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினால் அவள் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "நான் படிச்சாச்சு, ஒரு வருசமாட்டு வாராவாரம் படிக்கேன்" என்றாள். உன் மகள் என்னை ஊர் ஏச வைத்துவிட்டாள் என்று சத்தம் போட்டேன். "நீங்க சொன்னதத்தானே எழுதியிருக்கா, கூட்டியா எழுதுனா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கூட்டித்தான் எழுதியிருக்கிறாய் மக்கா. அந்தப் படத்தில் அரசன் அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. நீ பஸ் ஏறின பிறகு மாப்பிள்ளை வீட்டில் போய் நின்றது நான். உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆளில்லை. திரும்பி வந்து இரண்டு மாதம் சபையில் கடைசி பெஞ்சில் இருந்தேன். அதெல்லாம் உன் கதையில் வராது. என் சொல்லை எடுத்துச் சிரிக்கிறவன் ஒருவன் வாயில் வைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கோபத்திலேயே மிச்சத்தையும் படித்தேன். எழுபத்தோராம் பாகத்தில் கோட்டை இடிந்து, அரசன் மகள் முன்னால் முட்டுக்குத்தி நிற்கிறான். வாய்க்குப் பக்கத்தில் பேச்சு எழுதுகிற வெள்ளை வட்டம் காலியாக இருக்கிறது. போன் கெட்டுப்போனதோ என்று அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் காலிதான். இங்கிலீஷில் பார்த்து, அந்த இடத்தில் அரசன் மன்னிப்புக் கேட்கிறான் என்று ரெனிஷா சொன்னாள். அவளைக் கொண்டே ராஜையன் என்று ஒரு பொய்ப் பேரில், அந்த வட்டம் ஏன் காலி என்று கேட்டு எழுத வைத்தேன். மறுநாள் உன் பதில் வந்தது. "ராஜையன் அண்ணா, ஒரு அப்பா மகளிடம் இதைத் தமிழில் எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் கேட்டதில்லை. யாராவது சொல்லித்தந்தால் எழுதுவேன்." பெற்ற அப்பனை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாய். ரெனிஷா என் முகத்தைப் பார்க்காமல் போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பத்து நாளாக அந்த வட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதினது சபையில் செய்கிற ஜெபம் மாதிரி இருந்தது. அடுத்தது ஆலையில் மெமோவுக்குக் கொடுக்கிற விளக்கம் மாதிரி இருந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டேன். இன்றைக்கு எனக்கு வந்தது இவ்வளவுதான்: "மக்கா, அத நான் சொல்லியிருக்கப்பிடாது." அரசன் இப்படிப் பேசமாட்டான் என்று உன் வாசகர்கள் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. சபைக்கு முன்னால் என்னைத் தனியாக நிறுத்திவிட்டு நீ போனது போனதுதான், அதை நான் மறக்கமாட்டேன். அது வேறு, இது வேறு.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கட்டும், உன் போக்கிலும் வரத்திலும் கூட இருக்கட்டும். வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. ர, ற பார்த்து எழுது, நாற்பதாம் பாகத்தில் டிராகன் "கறையில்" இறங்குகிறது, அது கரை. ஜெனின் கல்யாணக் கார்டு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அழைக்கிறவர்கள் வரிசையில் உன் பேரை நான் எழுதாமல் விட்டிருந்தேன். நேற்று அச்சகத்துக்குப் போய் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் வாசலில் நான்தான் நிற்பேன், ஆனால் முதலில் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. என்னால் ஆனதை இதில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சத்தியநேசன்
மணவாளக்குறிச்சி