மீனுக்கு இரை போட வந்தவன்

நேற்று மத்தியானம் உன் மனைவி என் செம்பூர் வீட்டுக்கு வந்திருந்தாள். தோளில் நீ தைத்த பை. அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை கூடத்தில் பரவியது. எத்தனை சோப்புப் போட்டாலும் உன் விரலை விட்டுப் போகாத வாசனை. நீதான் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய் என்று வாசலைப் பார்த்துவிட்டேன்.

அந்த வாசனையும்தானே உன்னை மாட்டிவிட்டது. நாங்கள் திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போன நான்கு நாளும் மகளின் மீன் தொட்டிக்கு இரை போடச் சாவியை உன்னிடம் கொடுத்திருந்தேன். தாராவியிலிருந்து பஸ் ஏறி வந்து நீ பூட்டைத் திறந்ததை எதிர்வீட்டு அம்மாள் பார்த்தாள். யாரோ கறுப்பு ஆள் வீடு புகுகிறான் என்று போலீஸுக்குப் போன் செய்தாள். மற்ற சமயம் எவ்வளவு கூப்பிட்டாலும் மறுநாள் வருகிறவர்கள், அன்று பத்து நிமிஷத்தில் வந்தார்கள். உன் முகத்தைப் பார்த்தார்கள், எந்த ஏரியா என்று கேட்டார்கள், விரலை மோந்தார்கள். சொல்யூஷன் மோந்து போதை ஏற்றுகிற ஆசாமி என்று முடிவு கட்டியாயிற்று. சாவியை எங்கே திருடினாய் மதராஸி என்று இந்தியில் கேட்டு அறைந்தார்கள். என்னைக் கூப்பிட நீ எடுத்த போனையும் பிடுங்கிக்கொண்டு, சாயங்காலம் வரை ஸ்டேஷனில் தரையில் உட்காரவைத்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் மேல்மாடிக்காரரின் மருமகன் சாவியைத் தொலைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஏறினான். அப்போதும் யாரோ போன் செய்தார்கள், அதே ஸ்டேஷன்காரர்கள்தான் வந்தார்கள். சிவந்த தோல், இங்கிலீஷ் பேச்சு. பார்த்து ஏறுங்கள் சார் என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நானும் நின்று சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

மறுநாளும் நீ இரை போடப் போனாய். வேண்டாம் என்று ஊரிலிருந்து போனில் கத்தினேன். "ஏலே, போலீஸ் அடிச்சதுக்கு மீனு பட்டினி கெடக்கணுமா?" என்றாய்.

பிறகு, போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் ஆபீஸில் மனு கொடுத்தாய். அத்துமீறி நுழைந்தான், கேட்டதற்குப் பொய் சொன்னான் என்று ஸ்டேஷனில் பதில் எழுதினார்கள். சாவியைக் கொடுத்தது நான்தான் என்று ஒரு வாக்குமூலம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் நீ என்னிடம் கேட்டாய்.

அந்த நேரம் பார்த்து மகளின் பாஸ்போர்ட் விசாரணை அதே ஸ்டேஷனில் கிடந்தது. அவளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருந்தது. "பாஸ்போர்ட் கைக்கு வந்துரட்டும்லே, மறுநாளே போட்டுத் தாரேன்" என்றேன். "சரிலே, புள்ள போவட்டும். புகார் எங்க ஓடிரப் போவுது?" என்றாய்.

பாஸ்போர்ட் வந்தது. மகளும் போய்விட்டாள். நான்தான் இன்று, நாளை என்று இழுத்தேன், பயம் பழகிவிட்டது. ஒரு நாள் பட்டறையில் பை தைத்துக்கொண்டே நீ நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தாய், பிறகு எழவேயில்லை.

உன் மனைவி பையிலிருந்து எடுத்தது அந்த ஆபீஸ் கடிதம்: பதினைந்து நாளில் சாட்சியின் வாக்குமூலம் வராவிட்டால் புகார் முடிக்கப்படும்.

"அண்ணே, நீங்க அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னு அவுக சொன்னாகளே. இவனுவ எதுக்குத் திரும்பக் கேக்கானுவ? தொலச்சிட்டானுவளோ?"

என் மானத்தைக் காப்பாற்ற அவளிடமே பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். "இருக்கும்மா. நாளைக்கு ரெண்டு பேருமாப் போயிக் குடுத்துருவோம்" என்று மட்டும் சொன்னேன்.

கடிதத்தோடு வந்து அவள் விட்டுப்போன வாக்குமூலப் படிவம் என் முன்னால் இருக்கிறது. இதற்கு முன் வாக்குமூலம் அளித்ததுண்டா என்று மராத்தியில் அச்சடித்திருக்கிறார்கள். அவள் மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், வாசிக்காமல் விடமாட்டாள். ஆம் என்று போட்டால் வாக்குமூலமே பொய்யாகிவிடும். இல்லை என்று போட்டால், நீ பொய் சொல்லவில்லை என்று போலீஸுக்கு நிரூபிக்கிற அதே தாளில், நீ பொய் சொன்னாய் என்று உன் மனைவிக்குத் தெரிந்துவிடும்.

இல்லை என்றே எழுதிவிட்டேன். இன்னும் சற்று நேரத்தில் அவள் வந்துவிடுவாள். நீ எதற்காக அவளிடம் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாள். எனக்காக என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் காலையிலிருந்து தேடுகிறேன், இன்னும் கிடைக்கவில்லை.