வெறும் மெழுகு

செவ்வாய்க்கிழமை. பகல் முழுக்க மழை.

செல்வம் இன்று கடுகண்ணாவையில் இருக்கும் என் பட்டறைக்கே என்னைத் தேடி வந்துவிட்டான். இரண்டு வருடம் என் பட்டறையில் கேன்வஸ் பை தைத்தவன், சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கண்டியில் கடை போட்டான். அதைக்கூட மறந்திருப்பேன். "அந்த அக்காவோட பையில தண்ணி ஊறும், என்னோடதுல ஊறாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கையில் அவன் தைத்த பை ஒன்று. மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது.

"மெழுகு உருக்கித்தான் பூசுறேன் அக்கா. மழை பட்டா தண்ணி உள்ளுக்குப் போயிருது. வாங்குனவங்க திருப்பிக் கொண்டாந்து வீசுறாங்க."

பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. என் பட்டறையில் தேன்மெழுகை யாரும் தேன்மெழுகு என்று சொல்வதில்லை, வெறும் மெழுகுதான். அதை வாங்குவதும் உருக்குவதும் நான். இவன் தையல் மெஷினை விட்டு எழும்பியதே இல்லை. கடையில் மெழுகுவர்த்தி வாங்கி உருக்கியிருக்கிறான். தேன்மெழுகு துணியோடு வளையும், மெழுகுவர்த்தி மெழுகு மடித்த இடத்தில் வெடித்துவிடும்.

ஒரு சொல் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

"பூச்சு பத்தாது செல்வம். இன்னும் ரெண்டு தடவை தடிப்பாப் பூசு."

"சரிங்க அக்கா" என்று கும்பிட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் உள்ளே ஈரக் கொப்பி ஒன்றைக் கண்டேன். யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையுடையது. அட்டையில் பெயர் கரைந்து நீலமாக வழிந்திருந்தது.

யாருடையது என்று நான் கேட்கவில்லை.

நாளைக்கும் மழையாம். நன்றாகப் பெய்யட்டும்.