அருவிப் பாதையின் பூட்டு

என்னங்க,

காலையிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால் இதை உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும் போலிருக்கிறது. சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

குட்டிகளோடு கரடி திரிவதால் அருவிப் பாதையின் கேட்டை நான்தான் பூட்டியிருந்தேன். நேற்று மாலை உள்ளேயிருந்து அலறல் கேட்டு ஓடினோம். சுற்றிப்பார்க்க வந்த ஒரு பெண், கிழிந்த தோளைப் பிடித்தபடி பாறை இடுக்கில் கிடந்தாள். வெடி போட்டுக் கரடியை விரட்டி, அவளைத் தூக்கி வந்தோம். பிழைத்துக்கொண்டாள்.

பூட்டு உடையவில்லை. மாற்றுச் சாவி நம் சமையலறையில்தான் தொங்குகிறது. ஆனால் நான் மாட்டிய ஆணியில் இல்லை, பக்கத்து ஆணியில்.

நேற்று முழுவதும் ஜீப்போடு மெக்கானிக் கடையில் இருந்ததாக ராத்திரி போனில் சொன்னீர்கள். மெக்கானிக்கை வழியில் பார்த்தேன். "அண்ணனைப் பாத்தே ஒரு வாரமாச்சே, அக்கா" என்றார். வேறு கடைக்குப் போயிருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண், "ஜீப் டிரைவர்தான் பூட்டைத் தொறந்துவிட்டாரு. நான் கத்துனதும் வண்டியை எடுத்துட்டு ஓடிட்டாரு" என்றாள்.

"ஆளைப் பாத்தா அடையாளம் தெரியுமா?" என்று ரேஞ்சர் கேட்டார்.

"நல்லாத் தெரியும் சார்."

என் போனைத் தொட்டாலே உங்கள் முகம்தான் வரும். கையிலிருந்த போனைக் கவிழ்த்துக்கொண்டேன்.

நாளை காலை ரேஞ்சர் எல்லா டிரைவர்களையும் கூப்பிடுகிறார். அதற்கு முன் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள். வராவிட்டால், அந்தப் போனை நானே அவளிடம் காட்டுவேன்.

உங்கள் மனைவி,
இந்தக் காட்டின் வனக்காவலர்