உட்காரலாமா என்று கேட்கிறவன்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

அங்கேயாவது இருமல் விட்டதா? இங்கே எனக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. காரணம் நீங்கள்தான். கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் வேறு என்ன ஆகும்?

தாம்பரத்தில் மண்ணெண்ணெய் க்யூ மார்க்கெட் வரைக்கும் நீண்டுவிட்டது. ஆபீஸில் உங்கள் டைப்ரைட்டரை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பீச்சிலிருந்து கிளம்பும் சாயங்கால வண்டியில், லேடீஸ் பெட்டியில், உங்கள் ஜன்னலோர சீட் மட்டும் காலியாகவே வருகிறது. நூர்ஜஹான் டீச்சர் தன் டிபன் கூடையை அதில் வைத்துவிட்டு, கேட்பவர்களிடம் "ஆள் வருது" என்பார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, தினமும் வண்டியில் நீங்கள் எங்களுக்குச் சொல்லிவந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் பவழம் என்று ஒருத்தி தனியாக இருக்கிறாள். அந்த ஊரில் வீடு வீடாக நிழல் வாங்க ஒருவன் வருகிறான். மிரட்ட மாட்டான், கத்த மாட்டான். வாசலில் நின்று "உட்காரலாமா?" என்று மட்டும் கேட்பான். உட்காருங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்காரரின் நிழல் அவனுடையது. நிழல் போனவர் மறுநாள் உயிரோடு இருக்க மாட்டார். வாசலுக்கு வந்தவரை உட்காரச் சொல்லாமல் இருக்க நம்மால் முடியுமா அக்கா? அதை வைத்தே எங்களை மடக்கிவிட்டீர்கள்.

அவன் முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் டீச்சர் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். "முகத்தைச் சொன்னா பயம் போயிடும் டீச்சர். செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சான்னு சொன்னா போதும்." அன்றிலிருந்து வீட்டு வாசலில் தெரியாத செருப்பைப் பார்த்தால் நான் உள்ளே போவதில்லை. அம்மா திட்டுவாள்.

பவழத்தையாவது தைரியசாலியாகச் செய்திருக்கலாம். அவளுக்குப் பல்லியைக் கண்டாலே ஓட்டம். கேட்டதற்கு, "வாளைத் தூக்கிக்கிட்டு நிக்கிறவனுக்காக யாருடி பயப்படுவா? அவன் எப்படியும் ஜெயிச்சிடுவான். இவ என்ன ஆவாளோன்னு நீ தூங்காம இருக்கணும்" என்றீர்கள். நான் தூங்கவில்லை அக்கா.

வண்டி சானடோரியம் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது சரியாக நிறுத்துவீர்கள். அடுத்தது தாம்பரம்; பைகளை எடுக்க வேண்டும். நடுவில் "ம்" கொட்டுவது என் வேலை. நான் மறந்தால் கதை நின்றுவிடும். கடைசியாக நீங்கள் நிறுத்திய இடத்தில் அவன் பவழத்தின் வாசலில் நின்று கேட்டிருந்தான். அவள் வாயைத் திறந்திருந்தாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "எனக்கும் பயமா இருக்குடி. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றீர்கள். அப்போதுதான் அவன் யார் என்று எனக்கு லேசாகப் புரிந்தது. ஆரம்பத்திலிருந்தே உங்களுக்குத் தெரியுமா?

நேற்று டீச்சர் விடவில்லை. "ஜெயசீலி, நீ சொல்லும்மா. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்." பவழம் அவனை உட்காரச் சொன்னால் கதை முடிந்துவிடும். கதை முடிந்தால் உங்களிடமிருந்து மிச்சம் இருப்பதும் முடிந்துவிடும். இருந்தாலும் பல்லாவரம் நெருங்கும்போது ஆரம்பித்தேன். ஒருவரும் "ம்" கொட்டவில்லை. பாவம், அது என் வேலை என்றே எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த அமைதியில் என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

பல்லாவரம் தாண்டியதும் பெட்டியில் விளக்கு அணைந்தது. "செருப்பைக் கழட்டி ஓரமாக வைத்தான்" என்று சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் சீட்டுப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு குரல்.

"குந்தலாமா?"

"கூடாது!"

நான் மட்டும் கத்தவில்லை அக்கா. பெட்டியே கத்தியது. விளக்கு வந்தபோது பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பூக்காரம்மா நிற்கிறார். காலை மடக்கி உட்காரலாம் என்று செருப்பை வேறு கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் டீச்சர் இன்னொரு முறை கத்தினார்.

"இன்னாம்மா இது! குந்தலாமான்னு கேட்டா கொலை வுழுந்த மாரி கத்துறீங்க? ரயிலு உங்க வூட்டுதா?"

அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினோம். டீச்சரே கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பூக்காரம்மா உங்கள் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ம், அப்பால?" என்றார்.

அப்பால் என்ன என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. பவழம் யோசிக்கவில்லை. தைரியம் வரவில்லை. பயத்தில் அலறினாள். "கூடாது" என்பது தானாக வாயில் வந்தது. அவன் கோபப்படவில்லை; குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். சானடோரியம் வந்துவிட்டது. நிறுத்தினேன்.

"அந்தாளு எங்க பூட்டான்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார் பூக்காரம்மா.

அதுதான் என்னைக் கொல்கிறது. பவழம் பிழைத்துவிட்டாள். அவன் படியிறங்கி வேறு ஒரு வாசலுக்குத்தானே போயிருப்பான்? உங்களிடம் வந்தபோது கேட்டானா அக்கா? கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மூச்சு வாங்கும்போதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, வந்தவர்களை எல்லாம் "உட்காருங்க, உட்காருங்க" என்றவர் நீங்கள்.

நாளைக்கும் சொல்கிறேன். முகம் சொல்ல மாட்டேன். என் கதையில் எந்த வாசலிலும் அவனை உட்கார விட மாட்டேன், சத்தியம். நீங்களும் வந்து "ம்" கொட்டுங்கள். மெதுவாகக் கொட்டுங்கள் அக்கா, எனக்குப் பயம்.

ஒரு சீட் தள்ளி உட்கார்ந்து "ம்" கொட்டிய
உங்கள் தங்கை,
ஜெயசீலி