இருவருக்கு இடமிருக்கிறது

என் பிடிவாதக்காரனுக்கு,

பேச வந்தால் எழுந்து போய்விடுகிறாய். அதனால் இதை உன் காபிக் கோப்பைக்கு அடியில் வைக்கிறேன்.

நம் கராஜுக்குக் காரைத் தூக்கும் லிஃப்ட் வாங்குகிறேன். கடைக்காரர் ஹார்லன் இரண்டு தூண் லிஃப்டைத்தான் காட்டினார். அதற்குத் தரையில் துளை போட வேண்டும். ஒரு தூண் சரியாக நம் பிள்ளை வயாட்டின் கை பதிந்த இடத்தில் வருகிறது. சிமெண்ட் காயுமுன் நீதானே அந்தப் பிஞ்சுக் கையை அழுத்திப் பிடித்தாய்? வேண்டாம் என்றுவிட்டேன். நான்கு தூண் லிஃப்டுக்குத் துளை தேவையில்லை. ஏற்றிய உயரத்திலேயே பூட்டிக்கொள்ளுமாம்.

"உங்க வீட்டுக்காரர் ஜாக்கியே போதும்னு சொல்ற ஆளாச்சேம்மா!" என்று ஹார்லன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு லாயிட் ஒருமுறை இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுக்காமல், வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் படுத்தார். "சாகணும்னா உன் வீட்டுல போய்ச் சாவுடா!" என்று அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தவன் நீ.

வயாட்டை அடக்கம் செய்த நாளிலிருந்து உன் ஸ்டாண்டுகள் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. நீயோ தினமும் வெறும் ஜாக்கியில் நிற்கும் அவன் காருக்கடியில் கிடக்கிறாய். கையில் ஒரு ஸ்பானர்கூட இல்லை.

ஏன் என்று கேட்க மாட்டேன்.

சாலையில் பனியை அள்ளிவிட்டால் வியாழக்கிழமை லிஃப்ட் வந்துவிடும். அதுவரை நீ காருக்கடியில் போகும்போதெல்லாம் நானும் வந்து உன் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். அளந்து பார்த்துவிட்டேன், இடம் போதும்.

அவனைப் பெற்றவள்